பழநகர் படைப்பும் உரிப்பொருளும்

தோற்றுவாய்

பண்டை நாகரிகம் ஒன்றினை அடிப்படையாகக் கொண்டு, வரலாற்றில் இல்லாத ஒரு நகரைக் கற்பனையால் அமைத்துக் காட்டும் பயிற்சி இன்று ஓவியக் கல்லூரிகளில் இடம்பெற்று வருகின்றது. கதைப்படத்திற்கும் திரைப்படத்திற்கும் கணினி விளையாட்டிற்கும் இத்தகைய நகர்கள் வேண்டப்படுகின்றன. இப்பயிற்சியைப் 'பழநகர் படைப்பு' என இக்கட்டுரையில் வழங்குவாம். பழந்தமிழ் நாகரிகத்தைத் தம் படைப்பிற்கு அடிப்படையாகத் தெரிந்துகொள்ளும் மாணவர் சிலர் ஐயம் தெளியத் தமிழ்த்துறையை நாடி வருவதும் உண்டு. அவர்களுக்கு நாம் கூறும் விடை எத்தகையது, அஃது எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பன இங்கு ஆராயப்படுகின்றன. இவ்வாராய்ச்சி எழுந்ததற்குக் காரணம் யான் செய்த பிழையொன்றாகும். ஆதலின் அதனையே முதற்கண் கூறுகின்றேன்.

ஓவியக் கல்லூரியொன்றின் இறுதியாண்டு மாணவி ஒருவர், தம் தேர்வுக்காக வரைந்த துறைமுக நகர் ஒன்றன் ஓவியங்களை என்னிடம் கொணர்ந்தார். நகர் கற்பனையே, எனினும் காவிரிப்பூம்பட்டினத்தின் உறவுடையதாக அஃது அமைதல் வேண்டும் என்பது அவர் விருப்பம். ஓவியத்தின் நாற்புறமும் வானளாவிய கோபுரங்கள் நின்றன. வீதிகளில் கருங்கல் மண்டபங்கள் இருந்தன. கரையை ஒட்டிய சிறு வீடொன்றின் முற்றத்தில் பாய்மேல் செந்நிற மிளகாய் உலர்ந்துகொண்டிருந்தது. பாயருகே ஒரு கோல் கிடந்தது.

யான் பிழைகளை வரிசைப்படுத்திக் கூறினேன். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திற்குரியது; பதினாறாம் நூற்றாண்டை ஒட்டிப் போர்ச்சுகீசியர் வழியாக இந்நாடு புகுந்தது. கோபுரங்கள் பிற்காலத்தன. கருங்கல் மண்டபமும் அவ்வாறே. மாணவி அனைத்தையும் குறித்துக்கொண்டு சென்றார். சில திங்கள் கழித்து அவர் கொணர்ந்த இரண்டாம் ஓவியத்தில் பிழையென ஒன்றையும் யான் காணவில்லை. செங்கற் சுவர், ஓடு வேய்ந்த கூரை, சுடுமண் உறைகிணறு, துறையில் நாட்டிய மரத்தூண் ஆகிய அனைத்தும் முறையாக இருந்தன. ஆயின் மாணவி ஒரு வினா விடுத்தார்: "ஐயா, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஊரில் யாரும் குடியிருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறதே, ஏன்?"

அவ்வினாவிற்கு அன்று என்னால் விடை கூற இயலவில்லை. மிளகாயும் பாயும் கோலும் நீங்கிய அம்முற்றம் வெறுமையாகக் கிடந்தது. விடை தேடிப் பழநூல்களை மீண்டும் பயின்றபோது கண்டவை இவை.

பிழைநீக்கத்தின் பயனும் எல்லையும்

யான் கூறிய திருத்தங்கள் தவறானவை அல்ல. அவற்றின் இன்றியமையாமையை முதலில் நிறுவுதல் வேண்டும். பழந்தமிழ் நகர் என்றவுடன் இன்று பலர் உள்ளத்தில் தோன்றுவது தஞ்சைப் பெரிய கோயில். அக்கோயில் 1010-இல் நிறைவுற்றது. பட்டினப்பாலைக்கும் அதற்கும் இடையே பல நூற்றாண்டுகள் உள்ளன. வாயிற்கோபுரம் விமானத்தினும் ஓங்கி நிற்கும் வழக்கமோ அதற்கும் பிற்பட்டது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைவித்த கோயிலின் கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி அக்கோயில் அமைக்கப்பட்டதைத் தனிச் சிறப்பாக எடுத்துரைக்கின்றது. அந்நான்கும் இன்றிக் கட்டுதல் அரிய செயலாக இருந்தமையாலன்றோ அது கல்லில் பொறிக்கப்பட்டது! அதற்கு முன்னைய கட்டடங்கள் பெரும்பாலும் அந்நான்கினால் ஆயவை என்பது இதனால் பெறப்படும்.

இலக்கியமும் இதற்கு அரண் செய்கின்றது. மணிமேகலையில், மலர்வனம் நோக்கிச் செல்லும் மணிமேகலை கடந்துபோகும் வீதிகளில் சுடுமண்ணால் உயர்ந்த மனைகள் நிற்கின்றன. அவற்றின் வெண்சுதைச் சுவர்களில் ஓவியங்கள் தீட்டப்பட்டுள்ளன. அவற்றை மக்கள் நின்று பார்க்கின்றனர். சுடுமண் என்பது ஈண்டுச் செங்கல்லே. பூம்புகாரை அடுத்த கீழையூரில் நடுவண் அரசின் தொல்லியல் துறையினர் அகழ்ந்து கண்ட படகுத்துறையும் செங்கல்லாலும் மரத்தூண்களாலும் ஆயது. அம்மரத்தின் காலம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியது எனக் கரிமக் கணிப்பால் அறியப்பட்டது. கீழடியில் வெளிப்பட்ட செங்கற் கட்டுமானமும் கூரை ஓடுகளும் உறைகிணறுகளும் இதே செய்தியை வலியுறுத்துகின்றன. பட்டினப்பாலை புகாரின் புறச்சேரியைக் குறிக்குமிடத்து உறைகிணற்றை அதற்கு அடையாகக் கூறுதலும் ஒப்புநோக்கத்தக்கது.

எனவே, காலத்திற்கு ஒவ்வாத பொருளை நீக்குதல் புலமையின் கடமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் பிழை நீங்கிய இடத்தில் உயிர் தானே வந்து தங்கிவிடுவதில்லை. அகழாய்வு நமக்குச் சுவரையும் கிணற்றையும் தருகின்றது. நீர் இறைக்க வந்தவளைத் தருவதில்லை. அவளைத் தரும் பொறுப்பு இலக்கியத்தின்பாலது. யான் மாணவிக்கு இலக்கியத்திலிருந்து பொருட்பட்டியலை மட்டும் எடுத்துத் தந்தேன். இலக்கியத்தை அகழாய்வுக் குழியாகக் கருதியதே என் பிழை.

தொல்காப்பியர் காட்டும் முறை

நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் பொழுதோடு பொருந்தி விளங்கும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். அங்கு நிகழும் மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றையும் எண்ணிய தொல்காப்பியர், செய்யுளில் இவை முறையே ஒன்றின் ஒன்று சிறந்தன என்றும் கூறினார். முதலினும் கரு சிறந்தது. கருவினும் உரி சிறந்தது என உரையாளர் இதற்குப் பொருள் கொள்வர்.

இம்முறையைச் செய்யுளுக்கு மட்டும் உரியதாகக் கருதிப் பழகிவிட்டோம். பழநகர் படைக்கும் ஓவியருக்கும் இதனினும் செவ்விய வழிகாட்டி இல்லை. இதன்கண் மூன்று கருத்துகள் அடங்கியுள்ளன. முதலாவது, பொழுதின்றி நிலம் இல்லை என்பது. எந்நேரம் என்று அறியப்படாத நகர் ஓவியத்திலும் நகராகாது. இரண்டாவது, கருப்பொருட் பட்டியலில் கண்ணுக்குப் புலனாவனவற்றோடு பறையும் யாழும் உணவும் வைக்கப்பட்டிருத்தல். சூழல் என்பது காட்சி மட்டுமன்று; ஓசையும் சுவையும் தொழிலும் சேர்ந்தது. மூன்றாவது, இவையனைத்தும் உரிப்பொருளுக்கு அடங்கி நிற்றல் வேண்டும் என்பது. என் மாணவியின் இரண்டாம் ஓவியத்தில் நிலம் இருந்தது. கருவும் ஒருவாறு இருந்தது. அந்நகரில் எவர்க்கு என்ன நேர்கின்றது என்பது மட்டும் இல்லை. பண்டைப் புலவர் இம்முறையை எவ்வாறு கையாண்டனர் என்பதை இனி நோக்குவாம்.

முற்றமும் குழையும்

பட்டினப்பாலை 301 அடிகளால் ஆயது. புகார் நகரின் முற்றம் ஒன்றனை உருத்திரங்கண்ணனார் நம் கண்முன் நிறுத்துகின்றார். முற்றத்தில் உணா உலர்கின்றது. அதனைக் கவர வரும் கோழியை விரட்ட, காவலிருக்கும் மகளிர் தம் காதிலுள்ள கனத்த குழையைக் கழற்றி எறிகின்றனர். எறிந்த குழை, குதிரையின்றிச் சிறுவர் உருட்டிவரும் மூன்றுகாற் சிறுதேரின் வழியில் தடையாய்க் கிடக்கின்றது.

இக்காட்சியில் மாடத்தின் உயரமோ சுவரின் நிறமோ கூறப்படவில்லை. எனினும் வீட்டின் செல்வநிலை, மகளிரின் கவலையின்மை, சிறுவரின் விளையாட்டு, முற்றத்தின் பரப்பு ஆகிய அனைத்தும் ஒரு செயலால் பெறப்படுகின்றன. குழை கருப்பொருள், அதனைக் கோழிமேல் எறிதலே நகரைக் காட்டுகின்றது.

இவ்விடத்தைப் படித்தபோது மாணவியின் முதல் ஓவியம் என் நினைவிற்கு வந்தது. பாயில் உலர்ந்த பொருள் பிழை. உலர்த்தும் செயலோ மெய். அருகே கிடந்த கோல் கோழியை விரட்ட வைத்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு முற்றத்தை அவர் தம் வீட்டு முற்றத்திலிருந்து அறிந்திருந்தார். 'மிளகாயை நீக்குக' என்று யான் கூறியது அரைத் திருத்தம். 'மிளகாய்க்கு மாறாக நெல்லை இடுக. கோழியை வருவிக்க' என்பதே முழுத் திருத்தமாகும். செயலறிந்து பொருளை மாற்றாமல் பொருளை மட்டும் அகற்றியதால் முற்றம் வறிதாயிற்று.

அந்நூலின் துறைமுகப் பகுதியும் இத்தகையதே. உப்பை விற்று நெல் ஏற்றிவந்த படகுகள், பந்தியில் குதிரைகளைக் கட்டியதுபோலத் தறிகளில் கட்டப்பட்டுள்ளன. புலி இலச்சினை பொறித்த பொதிகள் மலையெனக் குவிந்துள்ளன. அக்குவியல்மேல் ஆண்நாயும் ஆட்டுக்கடாவும் மலையில் வருடை தாவுதல்போலத் தாவி விளையாடுகின்றன. குவியலின் உயரத்தை அளந்து கூறியிருந்தால் நாம் அதனை மறந்திருப்போம். நாயும் ஆடும் ஏறியதால் மறப்பதில்லை. கீழையூரில் கிடைத்த மரத்தூண்களைக் காணும்போது, அவற்றில் படகுகள் குதிரைகளைப்போல அசைந்து நின்றமை நினைவிற்கு வருமாயின், அந்நினைவைத் தந்தவர் உருத்திரங்கண்ணனாரே.

இத்துணை வளமும் எதன்பொருட்டு? பட்டினப்பாலையின் திணை பாலை. பொருள்தேடச் செல்லத் தூண்டும் தன் நெஞ்சை நோக்கி, இப்பட்டினமே கிடைப்பதாயினும் இவளைப் பிரிந்து வாரேன் என்கின்றான் தலைவன். நகர் முழுவதும் துலாக்கோலின் ஒரு தட்டில் வைக்கப்படுகின்றது. மற்றொரு தட்டில் ஒருத்தி இருக்கின்றாள். வறிய நகரை மறுத்தல் காதலுக்குச் சான்றாகாது. ஆதலின் நகரின் வளம் ஒவ்வொன்றும் உரிப்பொருளுக்காகவே அடுக்கப்பட்டது.

அளந்த அரங்கும் அளவாத நகரும்

புலவர் அளவையே கூறார் என்று இதனால் கொள்ளுதல் கூடாது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் அரங்கின் அளவு நுணுக்கமாகக் கூறப்படுகின்றது. கணுவுக்குக் கணு ஒருசாண் வளர்ந்த மூங்கிலில், பெருவிரல் இருபத்துநான்கு அளவில் கோல் நறுக்கப்படும். அக்கோலால் அகலம் ஏழு, நீளம் எட்டு, உயரம் ஒன்று என அரங்கு அமையும். அரங்கின் பலகைக்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடைப்பட்ட உயரம் நான்கு கோல். வாயில் இரண்டு, எழினி மூவகை. மேலே ஓவியம் எழுதிய விதானமும் முத்துமாலைகளும் உள்ளன. தூணின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கு வைக்கப்படுகின்றது.

அதே நூலில், இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகர் விரிவாகக் கூறப்படும்போது ஓர் அளவும் இல்லை. மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம், இரண்டிற்கும் இடையே மரங்களின் கீழ் நாளங்காடி என்ற கிடக்கை மட்டும் தெளிவாக உள்ளது. ஏனையவை மாந்தராலும் தொழிலாலும் நிரம்புகின்றன. மான்கண் போன்ற சாளரமுடைய மாளிகை, யவனர் இருக்கை, பன்மொழி பேசுவோர் கலந்துறையும் கரை, நறுமணப் பொருள் விற்போர், பட்டு நெய்வோர், கூலக்கடை வீதி, கன்னார், தச்சர், கொல்லர், தையற்காரர் என வீதிகள் தொழிற்பெயர்களாலேயே எழுகின்றன. ஓவியரும், மண்ணால் பாவை செய்வோரும், துணியாலும் நெட்டியாலும் உருவங்கள் சமைப்போரும் அவர்களுள் இருத்தல் ஓவிய மாணவர் கருதத்தக்கது. அவர்தம் முன்னோர் அந்நகரிலேயே குடியிருந்தனர்.

ஓர் ஆசிரியர் அரங்கை அளந்தும் நகரை அளவாதும் விட்டமைக்குக் காரணம் யாது? அரங்கேற்று காதையில் அனைத்தும் அளவுக்கு உட்படுகின்றன. மாதவி பயின்ற ஆண்டுகள் எண்ணப்படுகின்றன. அரங்கின் கோல் எண்ணப்படுகின்றது. முடிவில் அவள் பெற்ற மாலையின் விலை ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் என எண்ணப்படுகின்றது. அம்மாலையை வாங்குவோன் மாதவியைப் பெறுவான் என்று நகர நம்பியர் திரியும் மறுகில் கூனி நிற்கின்றாள், கோவலன் வாங்குகின்றான். ஒரு பெண்ணுக்கு விலை குறிக்கப்படும் காதையில் அளவு உரிப்பொருளோடு இயைந்தது. அரங்கின் கோலும் மாலையின் கழஞ்சும் ஒரே நிறுத்தளக்கும் உலகைச் சேர்ந்தவை. இது வெறும் நூற்புலமைக் காட்சியன்று.

கடற்கரை விளக்குகள்

பழநகர் படைப்போர் தவறாது பயிலவேண்டிய பகுதி கடலாடு காதையின் இரவுக் காட்சி. விழா முடிந்த இரவில் மாதவியும் கோவலனும் கடற்கரைக்குச் செல்கின்றனர். கரையெங்கும் விளக்குகள். ஆனால் 'எண்ணற்ற விளக்குகள் ஒளிர்ந்தன' என்று இளங்கோவடிகள் கூறி அமைந்தாரல்லர். வண்ணமும் சாந்தும் மலரும் விற்போர் விளக்கு, பொற்பணி செய்வோர் விளக்கு, பிட்டு விற்போர் விளக்கு, அப்பம் சுடுவோர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, கலங்களை அழைக்கும் கலங்கரை விளக்கு, வலைஞர் திமில் விளக்கு, வேற்றுமொழியாளர் அவியாது வைத்த விளக்கு, பண்டசாலைக் காவலர் விளக்கு எனத் தொழிலுக்கொரு விளக்கு வைத்தார். மாவென நுண்ணிய மணலில் வெண்சிறு கடுகு விழுந்தாலும் காணலாம் என்று அவ்வொளியின் மிகுதியைக் குறித்தார்.

ஓவியர் ஒருவர்க்கு இதைவிட விளக்கமான குறிப்பு வேண்டுமோ? பொற்கொல்லன் விளக்கு தாழ்ந்து, அவன் கைக்கு அருகே இருத்தல் வேண்டும். அப்பம் சுடுவோன் விளக்கில் புகை கலக்கும். திமில் விளக்கு அசையும். கலங்கரை விளக்கு உயர்ந்து தனித்து நிற்கும். உயரமும் நிறமும் அசைவும் தொழிலறிந்தவர்க்குத் தாமே விளங்கும். கட்டடம் ஒன்றும் வரையாமலே ஒரு துறைமுக நகரை இவ்விளக்குகளால் காட்டிவிடலாம்.

இவ்வொளிக்கும் உரிப்பொருளுக்கும் உள்ள இயைபே இங்குத் தலைசிறந்தது. இக்காதையை அடுத்து வருவது கானல்வரி. அங்குக் கோவலனும் மாதவியும் ஒருவர் பாட்டை மற்றொருவர் பிறழ உணர்ந்து பிரிகின்றனர். கடுகையும் காட்டும் ஒளியில் அருகிருந்தோர் உள்ளம் புலப்படவில்லை. இத்தொடர்பை அடிகள் வெளிப்படக் கூறவில்லை. இரு காதைகளின் வைப்புமுறை கூறுகின்றது. விளக்குகளை மட்டும் வரைவோர் விழாவை வரைந்தவராவர். அவ்வொளியில் இருவர் முகம் திரும்பியிருத்தலையும் வரைவோரே புகாரை வரைந்தவராவர்.

சிலந்தி நூலும் நூலேணியும்

நெடுநல்வாடை 188 அடிகளில் ஓர் அரண்மனையைக் கட்டுகின்றது. நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலில் இருகோல் நட்டுத் திசையறிந்து, நூலறி புலவர் கயிறிட்டு மனை வகுத்த செய்தி கட்டடக் கலைஞர் பலரும் எடுத்துக்காட்டுவது. ஆயின் அப்பாட்டில் குளிர்காலத்தைக் காட்டும் பகுதி அத்துணை எடுத்தாளப்படுவதில்லை. கம்மியன் அழகுறச் செய்த வட்ட விசிறி சுருக்கப்பட்டு முளையில் தொங்குகின்றது. அதில் சிலந்தி நூல் பின்னியுள்ளது. பகலும் இரவும் வேறறியாத மழைநாளில், பிச்சியரும்பு மலர்ந்து மணப்பதைக் கொண்டே மகளிர் மாலைப்பொழுதை அறிகின்றனர். பயன்படாத ஒரு பொருளால் பருவத்தைக் காட்டுதல் எத்துணை நுட்பம்!

அரண்மனையுள் யவனர் செய்த பாவை ஏந்திய அகலில் நெய் நிறைந்து சுடர் நின்று எரிகின்றது. மேற்கட்டியில் மதியொடு பிரியாத உரோகிணியின் ஓவியம் உள்ளது. அதனை நோக்கித் தலைவி பெருமூச்சு விடுகின்றாள். பாசறையிலோ வாடைக்காற்று வீசுந்தோறும் விளக்கின் சுடர் தெற்கே சாய்கின்றது. மன்னன் புண்பட்ட வீரரைக் காண நள்ளிரவில் நடக்கின்றான். நின்றெரியும் சுடரும் சாய்ந்தெரியும் சுடரும் பிரிந்த இருவரையும் காட்டுகின்றன. அரண்மனையின் செல்வம் அனைத்தும் அவளுக்கு ஆறுதல் தரவில்லை என்பதற்கே விரிக்கப்பட்டது.

மதுரைக்காஞ்சியோ நகரைப் பொழுதால் பகுக்கின்றது. நாளங்காடி, அல்லங்காடி, இரவின் யாமங்கள், விடியல் என 782 அடிகளில் ஒரு நகர் தன் நாளைக் கழிக்கின்றது. நள்ளிரவில் நிலமகழும் உளியும் இடையில் சுற்றிய மெல்லிய நூலேணியும் உடைய கள்வர் ஒளிந்து திரிய, அவரைத் தேடும் காவலர் உறங்காது உலவுகின்றனர். சுவரின் உயரத்தை அந்நூலேணியால் அறிகின்றோம். வாழ்வின் நிலையாமையை மன்னனுக்கு உணர்த்துவது காஞ்சி. நில்லாது செல்லும் பொழுதையே அந்நகரின் சட்டகமாக்கிய மாங்குடி மருதனாரின் திறம் போற்றத்தக்கது.

மற்றொன்றும் கருதற்பாலது. பழநகர் படைப்போர் அரண்மனையும் அங்காடியும் வரைவர். சுடுகாட்டை வரைதல் அரிது. மணிமேகலை ஆசிரியரோ சக்கரவாளக் கோட்டத்தை விரிவாகக் கூறினார். அங்குச் சுடுவோர், இடுவோர், குழிதோண்டிப் புதைப்போர், தாழ்ந்த இடத்தில் அடைத்து வைப்போர், தாழியால் கவிப்போர் எனப் பலர் இரவும் பகலும் வருகின்றனர். பிணம் செல்லும் வழி இல்லாத நகர் வாழ்ந்த நகரன்று. இரண்டாம் ஓவியத்தின் வெறுமைக்கு இதுவும் ஒரு காரணம். அங்குப் பிறப்பும் இறப்பும் நிகழ இடமில்லை.

தடைகளும் விடைகளும்

ஈண்டுத் தடையொன்று எழும். புலவர் கூற்று உயர்வு நவிற்சி. அதனை நம்பி வரைதல் தகுமோ? சிலப்பதிகாரக் காலத்தை இரண்டாம் நூற்றாண்டு என்பாரும் எட்டாம் நூற்றாண்டு வரை தள்ளுவாரும் உளர். பிற்பட்ட காலமே மெய்யாயின், அடிகள் கண்ட நகரையன்றி நினைவில் நின்ற நகரையே பாடினார் என்று ஆகாதோ?

ஆகலாம். அதனால் நம் கருத்து வலிபெறுமேயன்றி மெலியாது. கடல்கொண்ட நகரைப் பாடும் மணிமேகலை ஆசிரியரும், முன்னோர் நகரைப் பாடிய அடிகளும் அந்நிலையில் பழநகர் படைத்தோரே ஆவர். இன்றைய மாணவர் தொடங்கும் தொழிலை அவர்கள் முன்னரே செய்து முடித்துள்ளனர். அவர்களிடம் கற்கவேண்டியது செய்தியினும் செய்முறையே.

மற்றொரு தடை உரை பற்றியது. கோவலனும் கண்ணகியும் இருந்த இடத்தை நூல் நெடுநிலை மாடத்தின் இடைநிலம் என்கின்றது. அதனை எழுநிலை மாடத்தின் நான்காம் நிலம் என விளக்கியது உரைமரபு. 1973-இல் பூம்புகாரில் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடம் ஏழுநிலை மாடமாகவே எழுந்துள்ளது. நூலின் சொல், உரையின் எண், இக்காலக் கட்டடம் என மூன்று அடுக்குகள் இங்குள்ளன. உரையாசிரியர் நூலுக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டவர். தம் காலத்து மாடங்களையும் கண்டவர். 1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' தொடர்கதைக்கு மணியம் வரைந்த ஓவியங்கள் சோழர்காலத்தைப் பல்லாயிரவர் உள்ளத்தில் பதித்தன. பின்வந்தோர் பலர் சோழரை அவர் வழியாகவே கண்டனர். இவ்வடுக்குகளைக் குற்றமென்று தள்ளவேண்டுவதில்லை. எது எவ்வடுக்கிற்கு உரியது என்பதைப் பிரித்துக் காட்டுதல் நம் பணி. எதனைக் கொள்வது என்பது ஓவியர் உரிமை.

அவ்வுரிமைக்கு எல்லை உண்டோ எனின், அதனையும் தொல்காப்பியர் வகுத்துள்ளார். உரிப்பொருள் அல்லாதன மயங்கவும் பெறும் என்பது அவர் கொள்கை. ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் மற்றொரு நிலத்தில் வரலாம். கற்பனை நகர் ஒன்றில் புகாரின் துறையும் மதுரையின் இரவும் கூடுதல் தகும். மாந்தர் ஒழுக்கம் மட்டும் மயங்கலாகாது. புகாரின் விளக்குகளைக் கொண்டு, எவர்க்கும் எதுவும் நேராத ஒரு நகரை அணிசெய்தல் அம்மயக்கமே ஆகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், பழநகர் படைப்பில் காலப்பிழை நீக்குதல் முதற்படியே என்பதும், பழம்புலவர் செயலைக்கொண்டே இடத்தை எழுப்பினர் என்பதும், அளவு கூறுதலும் கூறாமையும் உரிப்பொருளைப் பொறுத்தன என்பதும் பெறப்பட்டன. பத்துப்பாட்டு 1889-இல் உ. வே. சாமிநாதையரால் அச்சேறிய நாள்தொட்டு அந்நூல்களின் சொல்லுக்குப் பொருள் காண்பதில் நாம் பெரிதும் உழைத்துள்ளோம். அப்பொருளைக் கேட்டு வாயிலில் நிற்கும் ஓவிய மாணவர்க்குப் பொருட்பட்டியல் ஒன்றை நீட்டி அனுப்பிவிடுதல் அவ்வுழைப்புக்கு ஏற்றதாகாது. கருப்பொருள் ஒவ்வொன்றும் எந்நூலில், எப்பொழுதில், எவர் கையில், எச்செயலில் வருகின்றது என்று காட்டும் அகராதி ஒன்று நம்மிடம் இருத்தல் வேண்டும். முதுகலை மாணவர் சிலர் கூடினால் பட்டினப்பாலை ஒன்றிற்கேனும் அதனைத் தொடங்கலாம்.

மாணவி மூன்றாம் முறை வந்தார். இம்முறை யான் பட்டியல் தரவில்லை. பட்டினப்பாலையின் முற்றத்தையும் கடலாடு காதையின் இரவையும் உடனிருந்து படித்தோம். அதன்பின் அவர் வரைந்த ஓவியத்தில் கட்டடங்கள் சிலவே. இருண்ட கரையில் வெவ்வேறு உயரத்தில் விளக்குகள் எரிந்தன. ஒரு வீட்டின் முற்றத்தில், மாலையாகியும் எடுக்கப்படாத நெல் பாயில் கிடந்தது. அதனைக் கோழி கொத்திக்கொண்டிருந்தது. விரட்ட வேண்டியவள் வாயிலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்குமேல் தொங்கிய சங்கிலி விளக்கு பிற்காலத்தது என்று கூறினேன். அதனை மாற்றிவிடுவதாக மாணவி கூறினார். எவர்க்காக அவள் காத்திருக்கின்றாள் என்று யான் வினவவில்லை. அந்நகர் கற்பனையாயினும், அவள் நின்ற நிலை நெய்தலுக்குரியது.